ஒரு மடக்கில் ஒரு மோல்!

602 கோடி கோடி கோடி! சத்தமாக ஒருமுறை சொல்லிப் பாருங்களேன், வாயே இனிக்கும். வெறும் 602 கோடி என்றால் அது ஏதோ சினிமா வசூல். அதைக் கோடியால் பெருக்கி, வந்ததை மறுபடியும் கோடியால் பெருக்கினால் ஒன்று வருகிறதே, அந்த ராட்சச எண்ணைத்தான் சொல்கிறேன். அத்தனை மூலக்கூறுகளை நான் ஒரே மடக்கில் குடித்தேன். ஆமாம், குடித்தேன்! கையடக்க டிஜிட்டல் தராசு ஒன்றை வாங்கி வந்து, அதன் மேல் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தை வைத்து, எடையைப் பூஜ்யமாக்கிவிட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டேன். 17.2... 17.8... கை நடுங்குகிறது... 18.0! நிறுத்து! அவ்வளவுதான், ஒரு மோல் தண்ணீர் தயார். கிண்ணத்தின் அடியில் கொஞ்சூண்டு பளபளக்கிறது, நாலு டீஸ்பூன்கூட இல்லை. எடுத்தேன், அண்ணாந்தேன், ஊற்றினேன். சில்லென்று தொண்டையில் இறங்கியது. தாகம் தீரவில்லைதான், ஆனால் அடுப்படியில் தனியாக நின்றுகொண்டு நான் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை யாராவது பார்த்திருந்தால் வேப்பிலை அடிக்க ஆள் தேடியிருப்பார்கள்.

மோல் என்றதும் முகம் சுளிக்காதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாம் வகுப்பில் அணுக்கள், மூலக்கூறுகள் பாடத்தில் பார்த்த அதே மோல்தான். வரையறையை மனப்பாடம் செய்து, எழுதி, மார்க் வாங்கி, மறந்தும் போனோம். ஆனால் அதற்குள் என்ன தந்திரம் ஒளிந்திருக்கிறது பாருங்கள். ஒரு கார்பன் அணு, ஒரு ஹைட்ரஜன் அணுவைப்போல ஏறக்குறைய 12 மடங்கு கனம். ஆக்சிஜன் 16 மடங்கு, இரும்பு 56 மடங்கு. அப்படியானால் 1 கிராம் ஹைட்ரஜன், 12 கிராம் கார்பன், 16 கிராம் ஆக்சிஜன், 56 கிராம் இரும்பு, இந்த நாலிலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றாகத்தானே இருந்தாக வேண்டும்? வேறு வழியே இல்லையே! அந்தப் பொதுவான எண்ணிக்கைதான் 602 கோடி கோடி கோடி, அந்த அளவுதான் ஒரு மோல். மூலக்கூறு என்றால் அதிலுள்ள அணுக்களின் நிறையைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். தண்ணீருக்கு இரண்டு ஹைட்ரஜனும் ஓர் ஆக்சிஜனும்: 1, 1, 16, ஆக மொத்தம் 18. இது புரிந்த கணத்தில் எனக்கு உச்சந்தலையில் யாரோ ஐஸ் வைத்ததுபோல இருந்தது. தராசில் ஒரு பொருளை வைக்கும்போதெல்லாம் அணுக்களை எண்ணிக்கொண்டிருக்கிறோம் ஐயா! கண்ணுக்குத் தெரியாததை, கையில் பிடிபடாததை, ஆயிரம் ரூபாய்கூடப் பெறாத ஒரு தராசு எண்ணிக் கொடுத்துவிடுகிறது!

அப்புறம் என்னைப் பிடிக்க முடியுமா? சாப்பாட்டு மேசையைத் துடைத்து ஒரு கண்காட்சியே வைத்துவிட்டேன். சமையல் உப்பு 58.5 கிராம், கிண்ணியில் ஒரு சின்னக் குன்று. அலுமினியத் தாள் 27 கிராம், சுருட்டினால் ஒரு பந்து. பழைய ஒயரை உரித்தெடுத்த செம்புக் கம்பி 63.5 கிராம், விளக்கு வெளிச்சத்தில் தகதகவென்று. இரும்பு ஆணி 56 கிராம், கரி 12 கிராம். கடைசியில் சர்க்கரை: அதன் மூலக்கூறில் கார்பன் 12, ஹைட்ரஜன் 22, ஆக்சிஜன் 11, மொத்தம் 342. கொட்டக் கொட்டத் தராசு இன்னும் இன்னும் என்கிறது, ஒருவழியாக 342 கிராமில் நின்றபோது மேசையில் ஒரு வெள்ளை மலை. தங்கத்துக்கு 197 கிராம் வேண்டும், அதாவது ஏறக்குறைய 24½ பவுன், அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டு ஒரு சீட்டு எழுதி வைத்தேன். அக்கா மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள், வந்து பார்த்தவள், "மாமா, இது என்ன, கடை போட்டிருக்கீங்களா?" என்றாள். "எல்லாத்திலயும் ஒரே எண்ணிக்கைடா கண்ணு! இந்தச் சர்க்கரை மலையில எத்தனை மூலக்கூறோ அத்தனை அணு இந்தத் துளியூண்டு கரியில!" என்று நான் குதிக்க, அவள் சர்க்கரையையும் கரியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்போ சர்க்கரை மூலக்கூறு ஒண்ணொண்ணும் குண்டு, கரி அணு ஒல்லி, அப்படித்தானே?" என்றாள். அப்படியேதான்! ஒரு அத்தியாயத்தை ஒரு வரியில் முடித்துவிட்டாள்! உப்பில் தனித்தனி மூலக்கூறே கிடையாது, சோடியமும் குளோரினும் அயனிகளாக அடுக்கி நிற்கின்றன என்று கறாரான வேதியியல்காரர்கள் விரலை உயர்த்துவார்கள். சரி ஐயா, ஜோடி ஜோடியாக எண்ணிக்கொள்ளுங்கள், எண்ணிக்கை அதேதான், இப்போது என்னைத் தடுக்காதீர்கள்.

அந்த எண் எவ்வளவு பெரியது என்று நெஞ்சில் உறைக்க வேண்டாமா? அரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி அரிசி 20 மில்லிகிராம் என்று வைப்போம். ஒரு மோல் தண்ணீர் குடித்த மாதிரி ஒரு மோல் அரிசி வேண்டுமென்று கேட்டால் என்ன ஆகும் தெரியுமா? 120 கோடி கோடி டன்! உலகம் முழுக்க, எல்லா நாட்டு வயலையும் சேர்த்து, ஒரு வருஷத்துக்கு விளையும் அரிசி 50 கோடி டன்னைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அந்தக் கணக்கில் யாரும் ஒரு கவளம்கூடச் சாப்பிடாமல் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு மேல் அறுத்து அறுத்துக் குவித்தால்தான் ஒரு மோல் அரிசி சேரும். அத்தனை எண்ணிக்கை என் கிண்ணத்தின் அடியில் கொஞ்சூண்டு தண்ணீராகக் கிடந்தது. ஒரே ஒரு கிராம் சுத்தத் தங்கத்தில் மட்டும் மூன்று கோடி கோடி கோடி அணுக்கள் உட்கார்ந்திருக்கின்றன. அணு எத்தனை பொடிசாக இருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறதா? எனக்கு இதை எழுதும்போதே புல்லரிக்கிறது.

சரி, யார் இதையெல்லாம் கண்டுபிடித்தது? அந்தக் கதை அதைவிட ருசி! 1808-ல் பிரான்சில் கே-லுசாக் ஒன்றைக் கவனித்தார். இரண்டு பங்கு கன அளவு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்சிஜனும் சேர்ந்தால் இரண்டு பங்கு நீராவி வருகிறது. என்ன சுத்தமான விகிதம்! ஆனால் இங்கிலாந்தில் அணுக்கொள்கையை எழுப்பிய ஜான் டால்டனுக்கு இது பிடிக்கவில்லை. ஒரு பங்கு ஆக்சிஜன் எப்படி இரண்டு பங்கு நீராவிக்குள் போய் உட்காரும், அணுவைப் பாதியாக வெட்ட முடியுமா என்பது அவர் பக்கத்து நியாயம். தண்ணீர் என்றால் ஒரு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் என்றே அவர் கணக்குப் போட்டிருந்தார். 1811-ல் இத்தாலியின் டூரின் நகரத்துக்காரர் அமேதியோ அவகாட்ரோ வருகிறார். சட்டம் படித்தவர், தேவாலயச் சட்டத்தில் பட்டம் வாங்கியவர், அப்புறம் அறிவியல் பக்கம் திரும்பியவர். அவர் சொன்னது இரண்டே சங்கதி. ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தத்தில் எந்த வாயுவானாலும் சம கன அளவில் சம எண்ணிக்கை மூலக்கூறுகள் இருக்கும். அடுத்து, ஆக்சிஜன் தனி அணுவாகத் திரிவதில்லை, இரண்டு இரண்டாகக் கைகோத்துத் திரிகிறது, ஹைட்ரஜனும் அப்படியே. முடிந்தது வழக்கு! வெட்டப்பட்டது அணு இல்லை, ஜோடிதான் பிரிந்தது. ஒரு பங்கு ஆக்சிஜன் ஜோடி பிரிந்து இரண்டு பங்கு நீராவிக்குள் ஆளுக்கொன்றாகப் போய்ச் சேர்ந்தது. ஒரு சோதனைக் குழாயைக்கூடத் தொடாமல், வெறும் விகிதத்தை வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத ஜோடியைப் பிடித்த மனுஷன் ஐயா இவர்!

உலகம் என்ன செய்தது? அரை நூற்றாண்டு காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்குள் வேதியியலில் ஒரே குழப்பம். ஆளாளுக்கு ஒரு அணு நிறை, ஆளாளுக்கு ஒரு வாய்பாடு. வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்துக்கு மட்டும் 19 விதமான வாய்பாடுகள் உலவியதை வேதியியலாளர் கெக்குலே தன் பாடப்புத்தகத்தில் வரிசையாகப் போட்டுக் காட்டினார், 19! பஞ்சாயத்துப் பேசத்தான் 1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் வேதியியலாளர்கள் கூடினார்கள். அங்கே சிசிலிக்காரர் கன்னிசாரோ எழுந்து, அப்பா, நம்ம அவகாட்ரோ அன்றைக்கே விடை சொல்லிவிட்டாரே என்று வாதாடினார். அவர் எழுதிய சின்னப் புத்தகத்தைக் கூட்டம் கலையும் நேரத்தில் நண்பர் ஒருவர் எல்லார் கையிலும் திணித்தார். அதை வாங்கிப் படித்தவர்கள் மனதில் குழப்பம் கரைந்தது. அந்தக் கூட்டத்தில் 26 வயது ரஷ்ய இளைஞர் ஒருவர் உட்கார்ந்திருந்தார், பெயர் மெண்டலீவ். ஒன்பதே வருஷத்தில், 1869-ல், தனிம அட்டவணை! ஒரு துண்டுப் புத்தகம் செய்த வேலையைப் பாருங்கள். பாவம், அவகாட்ரோ இதைப் பார்க்க இல்லை, 1856-லேயே கண்ணை மூடிவிட்டார். தன் பெயரில் இருக்கும் அந்த எண் எவ்வளவு என்றும் அவருக்குத் தெரியாது.

வினிகர் என்றேனே, அதைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. இதுதான் இந்தக் கட்டுரைக்கே மூலகாரணம். கவனமாகக் கேளுங்கள். ஆப்பச் சோடா இருக்கிறதல்லவா, அதன் மோல் நிறை 84: சோடியம் 23, ஹைட்ரஜன் 1, கார்பன் 12, மூன்று ஆக்சிஜனுக்கு 48. அதில் பத்தில் ஒரு மோல், 8.4 கிராம், நிறுத்து எடுத்துக்கொண்டேன். ஒரு சோடா மூலக்கூறளவுக்கு ஒரு கரியமில வாயு மூலக்கூறு வெளியேறும். ஆக எனக்குக் கிடைக்க வேண்டியது பத்தில் ஒரு மோல் வாயு. நம்ம ஊர் 30 டிகிரிச் சூட்டில் ஒரு மோல் வாயு, எந்த வாயுவானாலும் சரி, ஏறக்குறைய 25 லிட்டர் இடம் பிடிக்கும், இது அவகாட்ரோ போட்ட வழி. அப்படியானால் எனக்கு 2.5 லிட்டர். அதை ஒரு பலூனுக்குள் பிடித்தால், பலூன் உருண்டையாக இருந்தால், அதன் சுற்றளவு 53 சென்டிமீட்டர் வர வேண்டும். இதைச் சோதனைக்கு முன்னாலேயே ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டேன், அப்புறம் மாற்றிப் பேசக் கூடாதே! பாட்டிலில் தாராளமாக வினிகர், பலூனுக்குள் புனலால் சோடா, பலூன் வாயைப் பாட்டில் கழுத்தில் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பலூனைத் தூக்கிக் கவிழ்த்தேன் பாருங்கள்... புஸ்ஸ்ஸ்! நுரை பொங்குகிறது, பாட்டில் கையில் சில்லிடுகிறது, மூக்கைத் துளைக்கும் வினிகர் வாசனை, துவண்டு கிடந்த சிவப்பு ரப்பர் திடுக்கென்று நிமிர்ந்து, எலுமிச்சையாகி, ஆரஞ்சாகி, சாத்துக்குடியாகி, இன்னும் இன்னும் என்று மினுமினுத்துக்கொண்டு விரிகிறது. அக்கா மகள் தையல் டேப்பைச் சுற்றிப் பிடித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன், பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட இப்படி இதயம் அடித்துக்கொண்டதில்லை. "அம்பத்தி ஒண்ணு மாமா!" 51! சுவரில் 53, டேப்பில் 51! கொஞ்சம் வாயு வினிகரிலேயே கரைந்துபோகும், ரப்பர் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கும், அந்த இரண்டு சென்டிமீட்டரைப் போய் யார் கேட்பார்கள்? கண்ணால் ஒருபோதும் காண முடியாத மூலக்கூறுகளை 60 கோடி கோடி கோடி என்று ஒரு தராசில் எண்ணி உள்ளே விட்டேன், அவை வெளியே வந்து நான் சொன்ன அளவுக்குப் பலூனை ஊதிக் காட்டின! பலூனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கூடத்தில் ஆடினேன், வெட்கமே இல்லாமல் ஆடினேன். "மாமா, ஜன்னல் திறந்திருக்கு, எதிர்வீட்டுல பார்க்கிறாங்க" என்று அவள் கையைப் பிடித்து இழுக்கிறாள். பார்க்கட்டுமே! அவர்களையும் கூப்பிடு, டேப்பைக் கொடு, அளந்து பார்க்கட்டும்!

இதோடு நிறுத்தலாம் என்றால் பெரன் விடமாட்டேன் என்கிறாரே! பாரிஸில் ழான் பெரன், 1908 வாக்கில். அந்தக் காலத்தில் அணு என்பதே ஒரு கற்பனை வசதி, நிஜமாக அப்படியொன்று இல்லை என்று சொன்ன பெரிய மனிதர்கள் இருந்தார்கள். அதில் கூத்து என்னவென்றால், மோல் என்ற அளவைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டே அணுவை நம்பாதவர்! பெரன் எடுத்தது கம்போஜ் என்ற மஞ்சள் பிசின், ஓவியர்கள் சாயத்துக்குப் பயன்படுத்துவது, நம்ம குடம்புளிக்கு உறவுக்கார மரத்தின் பால். அதைத் தண்ணீரில் கலக்கி, சுழற்றிச் சுழற்றி, ஒரே அளவுள்ள குட்டிக் குட்டி உருண்டைகளாகப் பிரித்தெடுத்தார். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஆழமே உள்ள நீர்ப்படலத்தில் அவற்றை விட்டு, நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, இந்த உயரத்தில் எத்தனை உருண்டை, அந்த உயரத்தில் எத்தனை என்று எண்ணினார், எண்ணினார், எண்ணிக்கொண்டே இருந்தார். மலை ஏற ஏறக் காற்று மெலிவதுபோல, மேலே போகப் போக உருண்டைகள் குறைந்தன, சொல்லிவைத்த விகிதத்தில்! அந்த விகிதத்திலிருந்து கிடைத்தது அவகாட்ரோ எண், இன்றைய 6.02 இருக்கும் இடத்தில் அவருக்கு 6.8. கேட்டீர்களா, ஒரு பிசினும் ஒரு கண்ணும்! அதோடு விட்டாரா? வானம் ஏன் நீலம் என்ற கணக்கிலிருந்து ஒரு விடை, கதிரியக்கத்திலிருந்து ஒரு விடை, சூடான பொருள் உமிழும் ஒளியிலிருந்து ஒரு விடை, ஐன்ஸ்டைன் 1905-ல் விளக்கிய தூசித் துகள்களின் தடுமாட்டத்திலிருந்து ஒரு விடை என்று பத்துக்கும் மேற்பட்ட வழிகளை அடுக்கினார், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத வழிகள், எல்லாமே சுற்றிச் சுற்றி அதே எண்ணின் வாசலில் வந்து நிற்கின்றன! ஆஸ்ட்வால்டும் மனம் மாறி ஒப்புக்கொண்டார். அந்த எண்ணுக்கு அவகாட்ரோவின் பெயரைச் சூட்டியவரும் பெரன்தான், 1926-ல் நோபல் பரிசு அவர் வாசலுக்கு வந்தது. வானத்தின் நீலமும் பிசின் உருண்டையும் ஒரே சாட்சி சொல்கின்றன என்று படித்த அன்று ராத்திரி மொட்டைமாடிக்கும் அறைக்குமாக நடந்தேன், நடந்தேன், படுக்கவே தோன்றவில்லை.

இப்போது கண்ணை மூடுங்கள், ஒரு கற்பனை. விஞ்ஞானி கெல்வின் பிரபு சொன்னதாக வழிவழியாக வருவது. கையில் ஒரு டம்ளர் தண்ணீர், 200 மில்லி. அதிலுள்ள மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் போட்டுவிட்டீர்கள், மந்திரம் போட்ட மாதிரி. நேரே கடற்கரைக்குப் போய் அலையில் ஊற்றுங்கள். போச்சு, கடலில் கரைத்த பெருங்காயம்தானே? இருங்கள்! உலகத்துக் கடல்கள் எல்லாவற்றையும், மொத்தம் ஏறக்குறைய 133 கோடி கன கிலோமீட்டர், வங்கக் கடல், பசிபிக், அட்லாண்டிக், துருவத்துப் பனிக்கடல், அடி ஆழம்வரை நன்றாகக் கலக்கிவிடுங்கள். கலக்கியாச்சா? இப்போது எங்கே வேண்டுமானாலும் போங்கள், ஜப்பானுக்குப் போங்கள், பிரேசிலுக்குப் போங்கள், அங்கே கடலில் அதே டம்ளரால் ஒரு டம்ளர் மொண்டு பாருங்கள். நீங்கள் ஊற்றியதில் எத்தனை மூலக்கூறு திரும்ப வரும்? ஒன்று? அரை? பூஜ்யம்? சுமார் ஆயிரம்! ஆயிரம் ஐயா, ஆயிரம்! இந்தக் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன், நம்பாமல் மறுபடி போட்டேன், ஆயிரம் அசையவில்லை. காரணம் எளிது. உலகக் கடல்களில் எத்தனை டம்ளர் தண்ணீர் இருக்கிறதோ, அதைவிட ஆயிரம் மடங்கு மூலக்கூறுகள் ஒரே ஒரு டம்ளருக்குள் இருக்கின்றன. அப்படியானால் நாம் நாளும் முகம் கழுவிவிட்ட தண்ணீர், வாய்க்கால், ஆறு, கடல், மேகம் என்று சுற்றிச் சுற்றி நன்றாகக் கலந்துவிட்டால், மழையாக எந்த ஊரில் யார் தலையில் விழும்? எல்லார் தலையிலும்! இதை நினைத்துவிட்டு மழையில் குடை பிடிக்க மனசு வருமா சொல்லுங்கள்? எனக்கு வரவில்லை, நனைந்தேன், ஜலதோஷம் பிடித்தது, பரவாயில்லை.

இன்றைக்கு அந்த எண்ணைத் துல்லியமாக்க மனிதர்கள் செய்ததோ உச்சகட்டம்! சிலிக்கனை 28 நிறையுள்ள ஒரே வகை அணுக்களாகச் சலித்து எடுத்து, ஒற்றைப் படிகமாக வளர்த்து, 1 கிலோ எடையில், சுமார் 94 மில்லிமீட்டர் விட்டத்தில், ஆஸ்திரேலியாவில் தேய்த்துத் தேய்த்து ஒரு பந்து செய்தார்கள். மனிதன் செய்தவற்றில் இவ்வளவு உருண்டையானது வெகு அபூர்வம். எக்ஸ் கதிரால் அணுக்களின் இடைவெளியை அளந்து, பந்தின் கன அளவை அளந்து, உள்ளே எத்தனை அணு என்று எண்ணிவிட்டார்கள். படத்தில் பார்த்தாலே கன்னத்தில் வைத்துக்கொள்ளத் தோன்றும் பளபளப்பு. 2019 மே 20 முதல் மோல் என்றால் இனி எடையை வைத்துச் சொல்வதில்லை, 6.02214076 × 10²³ என்று எண்ணாகவே முடிவு கட்டிவிட்டார்கள். தசமம் விடாமல் எனக்கு மனப்பாடம், தொலைபேசி எண்ணைக் கேட்டால்தான் தடுமாறுவேன்.

குறை என்று ஏதாவது சொல்ல வேண்டுமானால், வீட்டுக் கரி சுத்தக் கார்பன் இல்லை, ஆணியும் சுத்த இரும்பு இல்லை, அவ்வளவுதான், விடுங்கள். அடுத்த ஆட்டம் காத்திருக்கிறது! மூலக்கூறை எண்ணியாயிற்று, இனி அளக்க வேண்டாமா? பெஞ்சமின் ஃபிராங்ளின், லண்டன் பக்கத்தில் கிளாப்பம் குளத்தில் ஒரு டீஸ்பூனுக்கு மிகாத எண்ணெயை விட்டு, அது அரை ஏக்கருக்குப் பரவி அலையை அடக்கியதை எழுதிவைத்தார், 1774-ல் அது அச்சேறியது. அதே வித்தை தாம்பாளத்திலும் நடக்கும். அரை மில்லிமீட்டர் எண்ணெய்த் துளி, பவுடர் தூவிய தண்ணீரில் விழுந்தால் 20 சென்டிமீட்டர் வட்டமாக விரியும். துளியின் கன அளவை வட்டத்தின் பரப்பால் வகுத்தால், படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐந்து லட்சத்தில் ஒரு பங்கு, அதுதான் ஒரு மூலக்கூறு நிற்கும் உயரம், ஸ்கேலை வைத்து அளந்த உயரம்! தாம்பாளம் கழுவியாச்சு, தண்ணீர் நிரப்பியாச்சு, முகப்பவுடர் டப்பா கையில், அக்கா மகளுக்குப் போன் போட்டாச்சு. நீங்களும் ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு சீக்கிரம் வாருங்கள், துளியை விடப்போகிறேன்!